அரைப்பேர் விழுந்த ஆண்டு

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஆளின் பெயர் என்பதோடு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலைக்கான முழுச் சம்பளமும் பேர்தான். நேரத்துக்குப் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குப் போய், மலையேறி, கேட்ட கிலோவைப் பறித்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் 16 கிலோ பறித்தவர் காலை முதல் மாலை வரை அட்டைக்கடியோடும் மழையோடும் நின்றிருந்தாலும், கணக்கில் அவர் பாதி நாள்தான் வேலை செய்தவர்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாலை நிறுவை நடக்கும் இடத்தில் சிறிது நேரம் நின்றால் போதும், இந்தக் கணக்கு விளங்கிவிடும். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கொழுந்துச் சாக்கு தராசில் ஏறும். கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்வார். சாக்கின் எடைக்கும் இலையில் ஒட்டிய தண்ணீருக்குமாக ஒன்றிரண்டு கிலோ கழித்த பிறகு மிஞ்சிய எண் அது. "இன்னைக்கும் அரைப்பேர்தானா கங்காணி?" என்று ஒரு குரல் கேட்கும். "நாளைக்குப் பாப்பம்க்கா" என்று பதில் வரும். அதற்குள் அடுத்த சாக்கு தராசில் ஏறியிருக்கும்.

அந்தத் தராசில் ஒரு நாளை வைக்காமல் ஓர் ஆண்டையே தூக்கி வைத்தால் என்ன நிறை காட்டும்? இப்படி நிறுத்துப் பார்ப்பதற்கு இலங்கையின் மலையகத்தில் 2023ஐ விட்டால் வேறு ஆண்டு இல்லை. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து தமிழர்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததாகக் கணக்கிட்ட ஆண்டு அது. கம்பளைக்கு அருகே சின்னாபிட்டியில் ஜார்ஜ் பேர்ட் காப்பித் தோட்டம் போட்ட 1823ஐ அந்தக் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். காப்பியை இலைநோய் தின்ற பிறகு அதன் இடத்தைப் பிடித்தது தேயிலை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் அதைத் தொடங்கிவைத்திருந்தார்.

இருநூறு ஆண்டு நிறைந்தால் என்ன செய்வது? கொண்டாடுவதா, துக்கம் காப்பதா? ஆண்டு பிறக்கும் முன்பே ஹட்டனிலும் கொழும்பிலும் கூட்டங்களில் இந்த வாக்குவாதம் தொடங்கிவிட்டது. லயம் எனப்படும் வரிசை வீடுகளின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இன்னமும் இருப்பவர்களுக்கு எதைக் கொண்டாடச் சொல்கிறீர்கள் என்று ஒரு பக்கம் கேட்டது. காட்டை வெட்டி நாட்டுக்கே சோறு போட்டவர்கள் ஏன் தலைகுனிந்து நிற்கவேண்டும் என்று மறுபக்கம் கேட்டது. இரண்டு கேள்வியும் நியாயமானவையே. ஆண்டு அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை.

ஜனவரி 10. 1940இல் அதே நாளில், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் நினைவாக அந்த நாளை மலையகத் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறார்கள். 2023இல் அந்த நினைவு விளக்கை ஏற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஜனவரி 20 மாலை நானுஓயா றதல்லைக் குறுக்குப் பாதையின் செங்குத்து இறக்கத்தில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவர்களை ஏற்றி வந்த பஸ், வேன் ஒன்றோடும் முச்சக்கரவண்டி ஒன்றோடும் மோதியது. வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்த 7 பேர் இறந்தார்கள். அந்தப் பாதை ஆபத்தானது என்பது சாரதிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. மலையகத்தில் வீதியின் வளைவுகளுக்கு இப்படித்தான் பேர் வருகிறது, யாராவது செத்த பிறகு.

மார்ச்சில் நடந்தது, நடக்காமற்போன ஒரு காரியம். உள்ளூராட்சித் தேர்தல் மார்ச் 9 என்று குறித்திருந்தார்கள். வேட்புமனு கொடுத்தாயிற்று, சுவரொட்டி ஒட்டியாயிற்று. பணமில்லை என்று தேர்தல் தள்ளிப்போனது. மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் காலமும் முடிந்தது.

நகரத்தாருக்கு இது ஒரு செய்தி, அவ்வளவுதான். தோட்டத்தாருக்கு அப்படியில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டம் கம்பனியின் எல்லைக்குள் இருக்கிற இடம் என்பதால், சபை தன் பணத்தைத் தோட்டத்துப் பாதைக்கோ குழாய்க்கோ நினைத்தபடி செலவிட அது விடவில்லை. தோட்டத்தார் வாக்குப் போடலாம், உறுப்பினராகவும் வரலாம். தங்கள் லயத்துக்குப் போகும் வழியில் நாலு கல் போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளும் ஆறாகப் பிரிந்தன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை ஆகியவற்றுக்குத் தனிச் சபை கிடைத்தது. முப்பது வருடம் கேட்டுக் கிடைத்த சபை. இருநூறாவது ஆண்டில் பெரும்பகுதி நாள் அந்தச் சபைகளில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வசந்தம் வரும். கிரகரி வாவிக்கரையில் கூட்டம், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், அறை கிடைக்காமல் வாகனத்திலேயே உறங்கும் குடும்பங்கள். முந்தைய ஆண்டுகளைத் தொற்றுநோயும் பெட்ரோல் வரிசையும் விழுங்கியிருந்ததால் 2023இல் பார்க்க வந்தவர்களின் உற்சாகம் ஒரு படி கூடவே இருந்தது. அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் செடியும் மளமளவென்று துளிர்க்கும். பறிப்பவர்களுக்கு ஆண்டிலேயே கைநிறைய வேலை இருக்கும் பருவம். உல்லாசப் பயணி வீதியோரம் வண்டியை நிறுத்திப் பச்சை மலையைப் படம் எடுப்பார். படத்தில் சிறு சிறு நிறப் புள்ளிகளாகத் தெரிகிற பெண்கள் அன்றைய பேருக்குக் கிலோ எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆண்டின் பெரிய நிகழ்ச்சி என்று பலரும் சொல்வது நடையைத்தான். ஜூலை 28 அன்று தலைமன்னாரில் கிளம்பி, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. மலையகத்தின் சிவில் அமைப்புகள் பல சேர்ந்து நடத்தியது. முன்னோர் தோணியில் வந்து இறங்கிய கரை தலைமன்னார். அங்கிருந்து காட்டு வழியே மன்னார், மதவாச்சி, தம்புள்ளை என்று நடந்துதான் அவர்கள் மாத்தளைக்கு வந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, கணக்கும் ஒழுங்காக இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே பாதையில் 16 நாள் நடந்தார்கள். வழியில் சிங்கள ஊர்களிலும் தண்ணீரும் சாப்பாடும் கிடைத்தன. முடிவில் கோரிக்கைகளை வாசித்தார்கள்: காணி, வீடு, நியாயமான சம்பளம், நாட்டின் சமமான மக்கள் என்ற அங்கீகாரம்.

நடையின் சிறப்பு அதன் கூட்டத்தில் இல்லை. 'எங்கிருந்து வந்தோம்' என்பதை வெட்கமாகவே வளர்த்துவிட்ட சமூகம் இது. 'கள்ளத்தோணி' என்ற வசையைக் கேட்டு வளர்ந்தவர்கள், தோணி வந்து நின்ற கரைக்குத் தாங்களாகவே போய் நின்றார்கள். அதைக் கொண்டாட்டம் என்றும் சொல்லமுடியாது, ஒப்பாரி என்றும் சொல்லமுடியாது.

நடை முடிந்து ஒரு கிழமைதான் இருக்கும். அதே மாத்தளை மாவட்டத்தில், தோட்டமொன்றில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட அதிகாரி ஒருவர் இடித்தெறிந்த காணொளி நாடெங்கும் பரவியது. அமைச்சர் வந்தார், வாக்குவாதம் நடந்தது, ஊடகங்கள் இரண்டு நாள் பேசின. காணி வேண்டும் என்று 16 நாள் நடந்து சொன்னதை அந்த ஒரு நிமிடக் காணொளி இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருக்கிற மண்ணில் நாலு கம்பு நட்டு ஒரு தகரம் போட யாரைக் கேட்கவேண்டும் என்பதே அங்குள்ள கேள்வி.

இந்தக் கேள்வி வீட்டோடு நிற்பதில்லை, தபால் வரைக்கும் வருகிறது. லயத்தின் காம்பராக்களுக்குப் பெரும்பாலும் சொந்த முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், தபால் நிலையம் என்று எழுதினால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம், வங்கிக் கடிதம், நீதிமன்ற அழைப்பாணை எல்லாம் வேறொருவர் கையிலிருந்துதான் உரியவர் கைக்கு வரவேண்டும். தேர்வு முடிந்த மறுநாள் நேர்முகக் கடிதம் கிடைத்த கதைகள் மலையகத்தில் மலிவு. ஒரு காலத்தில் முகவரி மட்டுமல்ல, நாடே இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. குடியுரிமைப் பிரச்சினைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 2003இல்தான். நாடு கிடைத்துவிட்டது, கதவிலக்கம் இன்னும் வரவில்லை.

பேர் விஷயமும் அப்படித்தான். பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழ்' என்று எழுதியிருக்கும். 'மலையகத் தமிழர்' என்று போடுங்கள் என்ற கோரிக்கை 2023இல் உரத்துக் கேட்டது. இந்திய வம்சாவளி என்பதை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்து உதவிகள் போய்விடுமே என்று தயங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பயத்துக்கும் காரணம் உண்டு. அந்த ஜூலையில்தான் புதுடில்லி 75 கோடி இந்திய ரூபாவை இந்த மக்களுக்கான திட்டங்களுக்கு அறிவித்தது. 2017இல் நோர்வூட் மைதானத்தில் பிரதமர் மோடி சொன்ன 10,000 வீடுகளுக்கு அடிக்கல்லே இன்னும் விழாத நேரம் அது.

நவம்பர் 2 அன்று கொழும்பு சுகததாச உள்ளரங்கில் 'நாம் 200' விழா. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வந்திருந்தார். ஜனாதிபதி, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல சொற்கள் சொன்னார்கள். அந்த மாதத்து வரவு செலவுத் திட்டமும் தோட்டத்தாரின் காணி உரிமைக்கு நிதி ஒதுக்குவதாகச் சொன்னது. இதற்கிடையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி மேடையில் ஏறினாள். லயங்களில் அந்தச் செய்திக்கு இருந்த வரவேற்பு விழாப் பேச்சு எதற்கும் கிடைக்கவில்லை. அவளுக்கு அங்கே அரைப்பேர் போட ஆளில்லை.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் லயம் ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அம்மி, குழவி, மண்ணெண்ணெய் விளக்கு, பழைய செக்ரோல், கூடை என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. பார்த்துவிட்டு வெளியே வருபவர் சற்று நடந்தால் அதே அளவுக் காம்பராக்களில் அடுப்பு புகைவதைக் காண்பார். அருங்காட்சியகத்துக்குள் போகவேண்டிய பொருளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இருநூறாண்டு நினைவு ஏன் சிலருக்குத் தொண்டையில் சிக்கியது என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

ஆகவே கொண்டாடுவதா, அழுவதா என்ற வாக்குவாதத்தில் இரு தரப்பும் தராசை மறந்துவிட்டன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று தெரியும். மாலையில் சாக்கைத் தூக்கி வைத்து நிறுப்பது. நிறுத்தால் 2023 எடையற்ற ஆண்டு அல்ல. ஒரு சமூகம் தன் பாதையைத் தானே நடந்து பார்த்தது, தன்னை எப்படி அழைக்கவேண்டும் என்று உரக்கச் சொன்னது. இவையெல்லாம் நல்ல கொழுந்து. ஆனால் சபை இல்லை, காணி இல்லை, கதவிலக்கம் இல்லை. நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1000 ரூபா, அதாவது 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. இடையில் 2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டு இறங்கியிருந்தது. ரொட்டி சுடும் மாவின் விலை ஏறியது. 1000 அசையவில்லை. கேட்ட கிலோ நிறையாத ஆண்டு அது. அரைப்பேர்.

பிறகு சில நகர்ந்தன. 2024 ஏப்ரல் கடைசியில் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்து, மே தினத்தில் கொட்டகலை மேடையில் முழங்கி, நீதிமன்றத்தில் சிக்கி, செப்டம்பரில் 1350இல் வந்து நின்றது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. பிழைத்தவர்கள் கேட்டது, தலைமன்னார் நடையில் கேட்டதையேதான்: பாதுகாப்பான இடத்தில் சொந்தமாக ஒரு துண்டுக் காணி.

அதெல்லாம் பின்னால் வந்தவை. 2023 டிசம்பர் 31 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஜனவரி 1, திங்கள். இலங்கையில் அது அரச விடுமுறை நாள் அல்ல. காலையில் வழக்கம்போலப் பெரட்டு இருந்தது. நாட்சம்பளம் 1000 ரூபா.