வாக்கும் சாட்சியமும்

‘வாக்கு’ என்னும் சொல்லை நம் முன்னோர் பேச்சு என்னும் பொருளிலும், கொடுத்த உறுதிமொழி என்னும் பொருளிலும் ஆண்டனர். இன்று அச்சொல்லே தேர்தலில் நாம் அளிக்கும் தீர்ப்புக்கும் பெயராகியுள்ளது. அரபு மொழியில் ‘ஸவ்த்’ என்றால் குரல். தேர்தலில் இடும் வாக்குக்கும் அங்கே அதுவே பெயர். தொலைவிலுள்ள இரு மொழிகளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. வாக்களித்தல் என்பது வாய் திறந்து பேசுதல்.

அப்படியாயின் வாக்களியாதிருத்தல் எத்தகையது? மௌனம் எல்லா வேளையிலும் குற்றமாகாது. பல வேளைகளில் அது பண்பும் ஆகும். ஆனால் சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் வாய்மூடி நிற்பவனை யார் போற்றுவர்? மார்க்க அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் வாக்கினைச் சாட்சியம், பரிந்துரை, வகாலத் என மூவகையாகக் கண்டு விளக்கினார்கள். இவற்றுள் சாட்சியம் என்பதையே இங்கு எடுத்துக் கொள்வோம்.

இளைஞர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இலட்சக்கணக்கானோர் வாக்களிக்கும்போது என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?” இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. கணக்கை வைத்தே இதற்கு விடை தேடுவோம்.

சேலம் மாவட்டத்து ஏற்காடு, பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தமிழ்நாட்டில் இத்தகைய தொகுதிகள் இரண்டே, மற்றொன்று சேந்தமங்கலம். காப்பியும் மிளகும் விளையும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களோடு வாழப்பாடி முதலிய சமவெளிப் பகுதிகளும் ஏற்காடு தொகுதியில் அடங்கும். அங்கு 2013 டிசம்பர் 4-ஆம் நாள் இடைத்தேர்தல் நடந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேர் வாக்களித்தனர். வென்றவர் பெற்றவை 1,42,771. அடுத்து வந்தவர் பெற்றவை 64,655. வேறுபாடு 78,116.

இந்த வேறுபாட்டில் ஒரு வாக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் முடிவு மாறியிராது. ஆகவே ‘முடிவை மாற்றுவதே வாக்கின் பயன்’ என்று கொண்டால், அன்று வரிசையில் நின்றோர் அனைவரும் வீணுக்கு நின்றோரே ஆவர். நம் உள்ளம் இதனை ஏற்பதில்லை. ஏன்?

அத்தேர்தலில் மற்றொன்றும் நிகழ்ந்தது. வேட்பாளர் எவரையும் ஏற்கவில்லை என்று மறைவாகவே தெரிவிக்கும் வசதி வேண்டுமென 2013 செப்டம்பர் 27-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ‘நோட்டா’ என்னும் அப்பொத்தானை ஏற்காடு தொகுதியில் 4,431 பேர் அழுத்தினர். எண்ணிக்கையில் அது மூன்றாம் இடம் பெற்றது. நோட்டாவுக்கு எத்துணை வாக்கு விழுந்தாலும், வேட்பாளருள் மிகுதி பெற்றவரே வென்றவராவார். முடிவை மாற்றாத பொத்தானை அழுத்துவதற்கென்று அத்தனை பேர் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். வீட்டில் இருந்தவர்க்கும் இவர்க்கும் உள்ள வேறுபாடு யாது? வீட்டில் இருந்தவரின் மௌனத்துக்குச் சோம்பல், அச்சம், வெறுப்பு என எப்பொருளையும் பிறர் ஏற்றலாம். சென்று மறுத்தவரின் சொல்லுக்குப் பொருள் ஒன்றே.

சாட்சி சொல்பவன் வழக்கின் முடிவுக்குப் பொறுப்பாளியல்லன். தன் சொல்லின் உண்மைக்கே பொறுப்பாளி. பத்துப் பேர் முன்னரே சாட்சி கூறிவிட்டனர் என்பதால் பதினோராமவன் கண்டது பொய்யாகிவிடாது. வாக்கின் கடமையும் இத்தகையதே. இதனாலேயே அதனை விற்பது இழிவாகிறது. பணம் பெற்றுச் சொல்லும் சாட்சியத்தைப் பொய்ச்சாட்சியம் என்கிறோம். பணம் பெற்று இடும் வாக்குக்கு மட்டும் வேறு பெயர் ஏது? தேர்தலில் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படியும் குற்றமே. எனவே 89 விழுக்காடு என்னும் எண்ணை மட்டும் கண்டு மகிழ்வதற்கில்லை. எத்தனை பேர் பேசினர் என்பதை எண் காட்டும். எத்தனை பேர் தம் உள்ளத்திலிருந்து பேசினர் என்பதை அது காட்டாது.

இனி, ஒருநாள் வாக்களித்ததோடு கடமை முடிந்ததா என்பது அடுத்த கேள்வி. நம் இல்லங்களில் அனைவரும் அறிந்த பாகுபாடு ஒன்று இங்கு துணை செய்யும். தொழுகை பர்ளு ஐன். ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டும். ஜனாஸாத் தொழுகை பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். எவரும் நிறைவேற்றாவிடில் ஊர் முழுவதும் குற்றவாளி. மார்க்கத் தீர்ப்பாக இதனைக் கூறவில்லை, உவமையாகவே கூறுகிறோம். வாக்கு முதல் வகையைப் போன்றது; என் சாட்சியத்தை நீர் சொல்ல முடியாது. ஊர்ப்பணி இரண்டாம் வகையைப் போன்றது. பாதை கேட்டு மனு எழுத ஊரார் அனைவரும் வேண்டுவதில்லை, ஆனால் ஒருவரேனும் எழுதியாக வேண்டும். ‘யாரேனும் செய்வர்’ என்று எல்லோரும் இருந்துவிடும் ஊரே அழிகிறது.

சேர்வராயன் மலையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். பெயரைக் கண்டு கேரளத்தவர் எனக் கருதுவது தவறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தோரின் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே அளித்தது. ஊரில் வயது வந்தோர் அனைவரும் அச்சபையின் உறுப்பினர். சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர் இருப்பர். சான்றுகளுள் ஒன்றாக, கோரிக்கையாளர் அல்லாத ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை எழுத்தில் வடித்துத் தருவதையும் விதிகள் ஏற்கின்றன. பெரியவரிடம் நினைவு இருக்கிறது; எழுத்து இல்லாமற் போகலாம். பள்ளி சென்று வந்த பேரனிடம் எழுத்து இருக்கிறது. அவன் ஓர் மாலைப் பொழுதை ஒதுக்கி அமர்ந்து எழுதினால், ஒரு குடும்பத்தின் நிலத்துக்குச் சாட்சியம் பிறக்கிறது. இங்கே ஒரு தனி மனிதனால் என்ன ஆகும் என்று எவரும் கேட்க முடியாது.

இளையோர்க்கு இந்த இடம் எளிதில் வந்ததன்று. உத்திரமேரூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், பொறுப்புக்கு உரியோர் 35 வயதுக்கு மேற்பட்டு 70-க்கு உட்பட்ட நிலவுடைமையாளர். குடத்திலிருந்து ஓலையை எடுத்துத் தருவது மட்டுமே சிறுவனின் வேலை. நம் காலத்திலும் வாக்குரிமை வயது 21 ஆகவே இருந்தது. அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989 மார்ச் 28 முதல் அதனை 18 ஆக்கியது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில்தான் தமிழ்நாட்டின் பதினெட்டு வயதினர் முதன்முறை வாக்களித்தனர்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வீட்டில் எவர்க்கு வாக்களிப்பது என்று தந்தையே முடிவு செய்து அனைவர்க்கும் ஆணையிடும் வழக்கம் இன்னும் உண்டு. மஷூரா செய்யலாம், ஆணையிடலாகாது. பிறர் சொல்லிக் கொடுத்த சாட்சியம் சாட்சியமாகாது. பிழைப்புக்காக மலையிறங்கிய பிள்ளையும், வளைகுடா சென்ற பிள்ளையும் பட்டியலில் தம் பெயரைக் காத்துக் கொள்ளட்டும். குடியுரிமை மாறாமல் அயல்நாட்டில் வாழ்வோர் 2011 முதல் சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் பதியலாம். எனினும் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். வர இயலாத ஆண்டுகளில் ஊர்ப்பணிக்குத் துணை நிற்க யார் தடை?

பதினெட்டு நிறைந்த மகனிடமும் மகளிடமும் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். “உன் பெயர் பட்டியலில் உண்டா? அடுத்த கிராம சபை என்று கூடுகிறது?” முதல் வினாவுக்கு விடை தெரிந்து இரண்டாவதற்குத் தெரியாவிடில், பிள்ளை பாதி வழியே வந்திருக்கிறது என்று கொள்ளுங்கள், மீதி வழிக்கு நீங்களும் உடன் செல்லுங்கள்.