பத்தில் ஒரு பங்கு

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், சாலை போக மிஞ்சும் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி உண்டு. அதற்கும் கீழே எதுவும் தர வேண்டியதில்லை. வரைபடத்தில் ‘பூங்கா’ என்று குறித்திருக்கும் இந்த நிலத்துக்குப் புறநகரில் வழங்கும் பெயர் ஓ.எஸ்.ஆர். தாம்பரம், ஆவடி பக்கம் மனை பார்க்கப் போனவர்களுக்கு அது பெரும்பாலும் எங்கே கிடக்கும் என்று தெரியும்: விலை போகாத மூலையில், மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், உயரழுத்த மின்கம்பிக்கு அடியில். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று உள்ளாட்சியும் வாங்கிக்கொள்கிறது.

இந்த நிலத்தையும் கமுக்கமாக மனைபோட்டு விற்றுவிடும் ஆட்கள் உண்டு. அது வெறும் மோசடி. யோசிக்க அதில் ஒன்றுமில்லை. யோசிக்க வைப்பவர்கள் நல்லவர்கள். அங்கன்வாடிக்குக் கட்டடம் இல்லை, ரேஷன் கடை வாடகைக் கொட்டகையில் நடக்கிறது, மேல்நிலைத் தொட்டிக்கு இடம் வேண்டும், பிள்ளையாருக்குச் சின்னதாக ஒரு கோயில் இருந்தால் தேவலை. ஒவ்வொன்றும் நியாயமான தேவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. கேட்க ஆள் இருக்கிறது. வெறுமனே கிடக்கும் நிலத்துக்காகப் பேச வருபவரிடம், ‘அங்கே என்னதான் நடக்கிறது?’ என்று கேட்டால் அவரால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மழைத்தண்ணீர் மண்ணில் இறங்குகிறது. திறப்புவிழா நடத்தும்படி ஒன்றும் நடப்பதில்லை.

பெங்களூரில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம், அன்றைய முதலமைச்சரின் உத்தரவின்பேரில், மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குத் தரப்பட்டது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். பூங்கா அந்தப் பகுதி மக்கள் எல்லோருக்கும் உரியது, தனியார் மருத்துவமனை அதற்கு ஈடாகாது, வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1991 இல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் கேள்வி அதோடு முடிந்தது. அறத்தின் கேள்வி முடியவில்லை. கேட்டது தனியார் அறக்கட்டளையாக இல்லாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்திருந்தால்? காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைவிட வேப்பமரம் பெரிதா?

இப்படிக் கேட்டால் மரம் தோற்றுத்தான் போகும். ஆனால் இந்தத் தராசு சரியானதல்ல. சுகாதார நிலையம் கட்ட வேறு இடமே இல்லை என்பது அபூர்வம். வேறு இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். நிலமெடுப்பு, இழப்பீடு, வழக்கு என்று வருடங்கள் போகும். பூங்கா நிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே நாம் உண்மையில் எடைபோடுவது குழந்தையையும் மரத்தையும் அல்ல, அரசு கொடுத்திருக்க வேண்டிய விலையையும், அதைத் தங்கள்மேல் சுமத்துகிறார்கள் என்றே அறியாதவர்களின் இழப்பையும். அப்படி அறியாதவர்களில் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் உண்டு. வேறு இடம் தேடி, விலை பேசி, உண்மையிலேயே கிடைக்காமல் வந்து நிற்பவருக்கு மட்டும் பூங்காவைக் கேட்கும் தகுதி வருகிறது. கோயிலுக்கு அந்தத் தகுதியும் இல்லை. பொதுச் சாலையிலும் பூங்காவிலும் புதிதாக வழிபாட்டுத் தலம் எழக் கூடாது என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை பூங்கா மூலைகளில் பிள்ளையார் குடிவந்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

இனி, பூங்காவைக் காப்பாற்றியவர்கள். சீமைக்கருவேலம் மண்டி, குடிகாரர்களின் கூடாரமாய்க் கிடந்த இடத்தைக் குடியிருப்போர் நலச் சங்கம்தான் பல ஊர்களில் மீட்டிருக்கிறது. மனுக்கொடுத்து அலைந்தவர்கள் அவர்கள்; தோட்டக்காரருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பவர்களும் அவர்களே. பிறகு வாசலில் பூட்டு ஏறுகிறது. காலை இத்தனை மணி, மாலை இத்தனை மணி, பந்து விளையாடக் கூடாது, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: மனை விலையோடு சேர்த்துப் பூங்காவுக்கும் நாங்கள்தான் காசு கொடுத்தோம், பராமரிப்பதும் நாங்கள்தான்.

இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உழைத்தவருக்கு அந்த இடத்தில் ஒரு சொல் இருக்கத்தான் வேண்டும். எந்த மரம் நடுவது, நடைபாதைக்கு எவ்வளவு சிமென்ட், இரவில் எப்போது விளக்கணைப்பது என்பதையெல்லாம் அவர்கள் முடிவுசெய்யட்டும். யார் உள்ளே வரலாம் என்பது அந்தக் கணக்கில் சேராது. மத்தியானப் பூட்டையே எடுத்துக்கொள்வோம். வெயில் கொளுத்தும் ஒரு மணிக்கு நிழல் தேவைப்படுவது சொந்த வீட்டில் மின்விசிறிக்கடியில் இருப்பவருக்கல்ல. உணவு கொண்டுவரும் பையனுக்கும், ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் அம்மாவுக்கும், குப்பை வண்டி ஓட்டுபவருக்கும்தான். சரியாக அந்த நேரத்தில்தான் பூட்டு தொங்குகிறது.

காசு கொடுத்தோம் என்ற கணக்கும் முழுக்கணக்கல்ல. நகர் வருவதற்கு முன் அங்கே ஓர் ஊர் இருந்தது. வயல் பட்டாதாரருக்குச் சொந்தம்தான், ஆனால் அறுவடை முடிந்த தரிசில் எல்லோருடைய ஆடும் மேய்ந்தது, ஊர்ப் பையன்கள் ஸ்டம்பு நட்டார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அனுபவம் அது. நிலம் கைமாறியபோது விற்றவருக்குப் பணம் வந்தது. ஆடு மேய்த்தவருக்கும் ஸ்டம்பு நட்டவருக்கும் ஒன்றும் வரவில்லை. மேய்க்கால் புறம்போக்கு, களம், குளம் போன்ற ஊர்ப்பொதுவை மீட்டு ஊரிடமே ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டா நிலத்தில் நடந்த விளையாட்டை அந்தத் தீர்ப்பு எட்டாது. மனைப்பிரிவிலிருந்து பொதுவுக்குத் திரும்பி வருவது அந்தப் பத்தில் ஒரு பங்குதான்.

மட்டையோடு வேலியோரம் நிற்கும் பையன்களைச் சங்கம் ‘வெளியாட்கள்’ என்கிறது. தானப் பத்திரத்தில் பெறுபவராக இருப்பது சங்கமல்ல, ஊராட்சி. அந்தப் பையன்களின் அப்பா அம்மா பல காலமாக ஓட்டுப் போட்டுவரும் ஊராட்சி.