ஆருக்க மோன்?

சிதறால் மலையேறும்போதும் அக்காள் மகன் கையில் தேர்வுப் புத்தகம். இரத்த உறவுக் கணக்கு கட்டாயம் வருமாம். முந்திரி மர நிழலில் நின்று ஒன்றைப் போட்டான்: "படத்தில் இருப்பவனின் தாய், என் தாயின் ஒரே மகள். நான் அவனுக்கு யார்?"

"தாய்மாமன்" என்றேன். எனக்கும் அக்கா ஒருத்திதான்.

"சொன்னது ஒரு பெண்ணா இருந்தா, மாமா?"

யோசித்தேன். தாயே அவள்தான். வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. சொன்ன ஆள் மாறியதும் விடை மாறிவிட்டது.

ஆள் மாறாமலே விடை மாறியதும் உண்டு. இங்கிருந்து கிழக்கே, நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்த காலத்தில், சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று கொஞ்சம் கிடைக்கும். அந்த வீடுகளின் புழுக்கத்தைத்தான் தேரூர்க் கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் சிரிக்கச் சிரிக்கப் பாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்பன் அப்பன்தான், மகன் மகன்தான். புத்தகத்தில் வரையும் உறவுக்கோடு இம்மியும் நகரவில்லை. அதன் வழியே என்ன போய்ச்சேர வேண்டும் என்பது மட்டும் மாறியது.

மேலே பாறையில் சமணரின் அம்பிகை. பக்கத்தில் பிள்ளைகளும் சிங்கமும். "இந்தச் சிங்கம் பிள்ளைகளுக்கு என்ன முறை?" என்று இம்முறை நான் கேட்டேன். விழித்தான். சமணக் கதைப்படி அப்பன். துறவிக்குச் சோறிட்டதற்காக மனைவியை வீட்டைவிட்டு விரட்டியவன், மறுபிறவியில் அவளுக்கே வாகனம் ஆனான்.

இதே மலையில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, பகவதிக்குப் பொன்னணி கொடுத்த குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்துறவியைச் சொல்கிறது. அவர் யார்? இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று இல்லை. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி. தன் உறவைத் தானே தேர்ந்துகொண்டார். எந்தத் தேர்வுப் புத்தகத்திலும் அந்தக் கோட்டுக்கு இடமில்லை.

இறங்கும்போது அடிவாரத்தில் நொங்கு சீவிக்கொண்டிருந்த பாட்டி அவனை நிறுத்தினாள். "மக்களே, நீ ஆருக்க மோன்?"

அப்பன் பெயரைச் சொல்வான் என்று பார்த்தேன். அவன் என் தோளைத் தொட்டு, "இவருக்க மருமோன்" என்றான். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நாகர்கோவில் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அக்கா போன வாரமே சொல்லியிருந்தாள். பார்க்கலாம் என்று இழுத்திருந்தேன். நொங்குக்குக் காசு கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.