பிழைச் செய்தியை முழுசாகப் படி!

தம்பி, தங்கச்சி, கறுப்புத் திரையில் ஒரு பிழை வந்ததும் கை ஏன் உதறுகிறது? "லிப்எஸ்எஸ்எல் 1.1 கிடைக்கவில்லை" என்கிறது அது. அவ்வளவுதானே! அந்த வரியைப் பாதி படிப்பதற்குள் "நமக்கு லினக்ஸ் சரிப்படாது, ஃபார்மட் அடித்துவிடலாம்" என்று எழுந்துவிடுகிறாய். என்ன குறை என்று பெயரோடு, எண்ணோடு எடுத்துச் சொல்லும் எதிரியைப் பார்த்தா ஓடுவது? உட்கார்!

2022-ல் உபுண்டு 22.04 வந்தபோது, அந்த லிப்எஸ்எஸ்எல் லைப்ரரியைத் தரும் ஓபன்எஸ்எஸ்எல் 1.1 போய் 3.0 வந்தது. பழையதை நம்பி பில்ட் செய்த புரோகிராம்கள் இதே வரியைக் கக்கிவிட்டுப் படுத்தன. சிலர் புது லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டு ஏய்க்கப் பார்த்தார்கள். ஃபைல் கிடைத்தது, ஆனால் உள்ளே 1.1-க்கான வெர்ஷன் முத்திரை இல்லை என்று லோடர் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. பெயரின் கடைசி எண் மாறினால், பழைய புரோகிராம்களுக்கு இது ஒத்துவராது என்று லைப்ரரியை எழுதியவரே அறிவிக்கிறார் என்று அர்த்தம். அவரோடு மல்லுக்கு நிற்காதே. 22.04-க்கென்று செய்த பில்டைத் தேடு. இல்லையா, பழைய உபுண்டுவை ஒரு கன்டெய்னரில் வைத்து அதற்குள் ஓட்டு. எங்கிருந்தோ பழைய பேக்கேஜை இறக்கி மெயின் சிஸ்டத்தில் திணிக்காதே, ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்தார் 1.1.1-க்குத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன.

"ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவரட்டுமே, எதற்கு இந்தக் கூட்டுக் குடித்தனம்?" என்று கேட்பாய். 2014 ஏப்ரலைக் கேள். ஓபன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது வெப் சர்வர், மெயில் சர்வர் எல்லாம் ஒரே லைப்ரரியில்தான் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தன. ஊர்ப் பொதுக்கிணற்றை ஒருமுறை தூர்வாரியது போல, அந்த ஒரு பேக்கேஜை அப்டேட் செய்ததும் அத்தனைக்கும் மருந்து கிடைத்தது. ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், மறந்தால் பழைய பிரதி மெமரியிலேயே குந்தியிருக்கும். தனித்தனியாகச் சொந்தப் பிரதி வைத்திருந்த புரோகிராம்களையோ ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது.

துணிச்சல் வேறு, கண்மூடித்தனம் வேறு. 2021-ல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போனார். பேக்கேஜ் சார்பு ஒன்று சிக்கியதால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போகிறேன் என்று பேக்கேஜ் நிறுவும் கட்டளையான ஆப்ட் பட்டியல் போட்டுக் காட்டியது. மீறிச் செய்ய ஒரு முழு வாக்கியத்தையே டைப் அடிக்கச் சொன்னது. அடித்தார், டெஸ்க்டாப் போயே போய்விட்டது. தவறு பேக்கேஜிலும் இருந்தது, அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீ ஒய் தட்டுமுன் நீக்கப்படும் பட்டியலை ஒரு பெயர் விடாமல் படி!

ஆயுதம் இல்லையென்று சொல்லாதே. எல்டிடி கட்டளை எந்த லைப்ரரி காணோம் என்று காட்டும் (ஊர்பேர் தெரியாத புரோகிராமில் அதை ஓட்டாதே, அந்தப் புரோகிராமே இயங்கிவிடலாம்). காணாமல் போனது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்பதை ஆப்ட்-ஃபைல் சொல்லும். இருக்கிற ஃபைல் யாருடையது என்று கேட்க டிபிகேஜி இருக்கிறது. மூன்றையும் இன்றே கைப்பழக்கமாக்கு!

லைப்ரரிப் பெயர் மாற்றத்தைப் பெரிய அளவில் செய்தவர்களையும் பார். பழைய 32-பிட் கடிகாரம் 2038 ஜனவரி 19-ல் நிரம்பி வழியும். அதற்காக டெபியன் என்ற லினக்ஸை உருவாக்குபவர்கள் 2024-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைப்ரரி பேக்கேஜ்களைக் கிளறி, பல பெயர்களின் வாலில் டி64 ஒட்டி, அவற்றை நம்பியிருந்தவற்றையெல்லாம் திரும்ப பில்ட் செய்தார்கள். அவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வானத்திலிருந்து குதித்தவர்களா? இல்லை! உனக்கு வரும் இதே வரிகள்தான் அவர்களுக்கும் வந்தன. நாளை ஒரு பேக்கேஜ் தன் சார்பைத் தப்பாகச் சொன்னால் புலம்பாதே. எல்டிடி காட்டியதை அப்படியே ஒட்டி, வெர்ஷன் எண்ணோடு ஒரு பக் ரிப்போர்ட் எழுது. கீழே உன் பெயரைப் போடு!