கூர்ப்பும் பொறுப்பும்

1996இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் தொம்சன் என்பார், 1,000 ஹேர்ட்ஸ், 10,000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய இரு ஒலிச் சைகைகளை வேறுபிரித்தறியும் மின்சுற்றைத் தாமே வரையாது, கூர்ப்பு முறையாற் கணினியைக் கொண்டு தேடுவித்தார். எழுந்தமானமாகத் தோன்றிய சுற்றுக்களுட் சிறந்தவை தெரியப்பட்டு, கலந்து, சிறிது திரிந்து, ஆயிரக்கணக்கான சந்ததிகளைக் கடந்தன. இறுதியிற் கிடைத்த சுற்றுப் பணியைச் செவ்வனே செய்தது. ஆயின், வெளியீட்டோடு தொடுக்கப்படாத சில கலங்களை முடக்கியபோதும் அது தடுமாறியது! காரணத்தை அவராலும் முற்றாக விளக்க இயலவில்லை.

விளங்காத ஒன்றுக்குப் பொறுப்பேற்பவர் யார்? இயற்கைக் கூர்ப்புக்கு இலக்கில்லை. அதனிடம் எவரும் கணக்குக் கேட்பதுமில்லை. இங்கோ, எது சிறந்தது என்னும் அளவுகோலை வகுத்தவன் மனிதன். வழி தெரியாதென்பது அவனுக்கு விலக்காகாது. ஒலிகளைப் பிரிப்பதில் தவறு நேரின் நட்டம் சிறிது. நோயாளியின் மருந்தளவைத் தீர்மானிக்கும் கருவியிலும் பயனொன்றே போதுமென்பார், அவர்தம் கட்டிலருகே நின்று அதனைக் கூறட்டும்.