திரும்பும் வேளை

மலையேறுவோர் பலர் உச்சியை எண்ணிச் செல்வர். திரும்பும் வேளையை எண்ணிச் செல்வோர் சிலரே. உச்சி அண்மையில் இருக்கையில் திரும்பிவிடுவது கோழைமையா, அறிவுடைமையா?

பெங்களூருக்கு மேற்கே, மாகடி வட்டத்திலுள்ள சாவனதுர்க்கத்தை எடுத்துக்கொள்வோம். காடு சூழ்ந்த இக்கருங்கல் மலை, கடல் மட்டத்திற்கு மேல் 1226 மீட்டர் உயரமுடையது; ஒரே பகலில் ஏறி இறங்கத் தக்கது. ஆயினும் மழையில் பாறை வழுக்கும், வெயிலில் சுடும். ஆகவே விடியலில் புறப்படுதலும், போதிய நீர் சுமத்தலும், தளர்ந்தவர் நடைக்கேற்ப நேரம் கணித்தலும், வனத்துறையின் விதிகளைக் கேட்டறிதலும் வேண்டும். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு: இன்ன மணிக்கு, எங்கிருப்பினும் திரும்புவோம் என அடிவாரத்திலேயே உறுதி செய்தல்.

ஏன் அடிவாரத்தில்? அங்கே மனம் தெளிந்திருக்கிறது. உச்சி கண்ணிற்பட்டபின், "இன்னும் சிறிது தூரந்தானே" என்று வேட்கை வாதாடும். தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால் அது நேரிய தீர்ப்பளிக்குமா? அத்தீர்ப்பின் துன்பமோ பிறரையும் சேரும்: கால் தளர்ந்த தோழரை, இருளில் தேடிவரும் ஊராரை.

முன்னரே வகுத்த விதி குருட்டு விதியாகாதோ எனலாம். ஆகாது. மழைமுகில் கண்டால் குறித்த மணிக்கு முன்னரே திரும்பலாம். பிந்துவதற்கு மட்டுமே இடமில்லை.

நாம் பஞ்சசீலம் ஏற்பதும் இம்முறையே அன்றோ? கள் முன்னே வந்தபின் முடிவு செய்வதில்லை. அமைதியான வேளையில் ஏற்ற உறுதியே சோதனை வேளையில் காக்கிறது.

மலைக்குச் செல்லும் அன்பர்கள் கட்டுச்சோற்றை முடியும்போதே திரும்பும் மணியையும் முடிவு செய்வாராக.