பொருளின் அடுத்த இடம்

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவில் அமைந்த சுருவில் போன்ற ஊர்களின் பழைய வீட்டுமுறையை நோக்குவோர்க்கு, அங்கே குப்பை என்று ஒதுக்கப்பட்டவை மிகச் சிலவே என்பது புலப்படும். இதனைச் சிக்கனம் என்ற ஒரு குணத்தால் மட்டும் விளக்கிவிட இயலாது. ஒரு பொருள் தன் முதல் வேலையிலிருந்து ஓய்ந்ததும் அது போய்ச்சேர வேண்டிய அடுத்த இடம் எதுவென்பது, அப்பொருள் வீட்டுக்குள் வரும்போதே முடிவாகியிருந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

பனையோலையின் வரலாறு இதற்குச் சான்றாகும். கூரை வேயவும் வேலி அடைக்கவும் பயன்பட்ட ஓலை, வெயிலிலும் மழையிலும் நைந்து பிரிக்கப்பட்டபின், தோட்டத்து மண்ணுக்குள் தாழ்க்கப்பட்டுப் புகையிலைக்கும் மிளகாய்க்கும் பசளையாயிற்று. நார் மிகுந்த அவ்வோலை மெதுவாகவே உக்கியமையால், மணற்பாங்கான நிலம் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் அது துணைசெய்தது. சார்வோலையில் இழைத்து விளிம்பை நாரால் பொத்திய பெரிய கூடையாகிய கடகம், புதிதாக இருக்கையில் தானியம் சுமந்து, தளர்ந்தபின் எரு அள்ளப் போயிற்று. நைந்த சுளகுக்கு ஊறவைத்த பழங்கடதாசியையும் வெந்தயத்தையும் சேர்த்தரைத்துப் பூசும் வழக்கமும் தமிழ் வீடுகளில் இருந்தது. வெந்தயத்தின் வழுவழுப்பான பசை கடதாசி நாரைப் பிணைத்துக் காய்ந்ததும் கெட்டிப்படுத்துவதால், ஓட்டை அடைபட்டுச் சுளகு மேலும் சில காலம் உழைத்தது.

பனம்பழத்தின் வழியோ இன்னும் நீண்டது. பழத்தின் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. எஞ்சிய விதையைப் பாத்தியில் அடுக்கி முளைக்கவிட்டால் கிழங்கு. அதனைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். முளைத்த விதையைப் பிளந்தால் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பூரான் சிறுவர்க்குத் தின்பண்டம். அதற்கும் பின்னர் மிஞ்சும் வெற்று ஓடாகிய ஊமல் அடுப்புக்கு விறகு, அதன் கரி பல் தீட்டுவதற்கு. தின்று எறிந்துவிட்டதாகக் கருதத்தக்க ஒரு பழம் இத்தனை படிகளைக் கடந்த பின்னரே சாம்பலாயிற்று.

ஆலையில் உருவான பொருள்கள் தீவகத்து வீடுகளுக்குள் நுழைந்தபோதும் இந்த வழக்கம் உடனே அற்றுவிடவில்லை. ரின்பால் பேணி அரிசி அளக்கும் அளவையாகவும், கண்ணாடிப் போத்தல் எண்ணெய்க்கும் பாலுக்கும் அளவையாகவும் இலங்கை முழுவதும் நிலைத்தமைக்குக் காரணம், ஆலையில் ஒரே அளவாக ஆக்கப்பட்ட அவற்றின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறாதிருந்ததேயாகும். வெற்றுப் போத்தலுடன் கடைக்குச் சென்று நல்லெண்ணெய் வாங்கிவந்த காலத்தில் அப்போத்தல் கழிவாக மாறுவதற்குச் சந்தர்ப்பமே இருக்கவில்லை.

இந்த அறிவின் கடுமையான சோதனை 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் வந்தது. அடுத்த ஆண்டுக்குள் தீவகம் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வர, அங்கிருந்தோரில் மிகப் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலோ மின்சாரம் இல்லை, பெற்றோலும் பற்றரியும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்தன, மண்ணெண்ணெய் பெரும் விலைக்கு விற்றது. அப்போது தோன்றியதே ஜாம் போத்தல் விளக்கு. வெற்று ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது உறிஞ்சும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு திரியொன்றை நிறுத்திக் கொளுத்தினால், கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுக்கச் சுடர் அடங்கி எரியும்; எண்ணெய் பஞ்சிலே தங்கியிருப்பதால் போத்தல் சரிந்தாலும் எளிதில் கொட்டாது. ஒரு தலைமுறை மாணவர் இவ்வெளிச்சத்திலேயே பரீட்சைக்குப் படித்தனர்.

வானொலி கேட்பதற்குச் சைக்கிள் உதவியது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிகட்டையைக் கையால் சுழற்ற, சில்லோடு உராயும் டைனமோ மின்சாரம் தந்தது. டைனமோ தருவது திசை மாறிக்கொண்டிருக்கும் ஆடலோட்டம், வானொலிப் பெட்டிக்கு வேண்டியது ஒரே திசையில் பாயும் நேரோட்டம் என்பதால், மின்சாரத்தை ஒருபக்கமாக மட்டும் செல்லவிடும் டயோட்டு என்ற சிற்றுறுப்பு இரண்டுக்கும் நடுவே தேவைப்பட்டது. பிபிசி தமிழோசையின் செய்தி பல முற்றங்களில் இவ்வாறு ஒருவர் சுற்ற, சூழ இருந்தோர் கேட்டதேயாகும். இத்தகைய ஆக்கங்களைப் பிற்காலத்தார் வியந்து போற்றுவது இயல்பே. ஆனால் புகை சூழ்ந்த அந்த வெளிச்சத்தை எவரும் விரும்பித் தேர்ந்ததில்லை என்பதையும், மின்சாரம் மீண்டதும் ஜாம் போத்தல் விளக்கு மறைந்ததையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இன்று சிக்கல் வேறு வகையினது: அடுத்த இடம் இல்லாத பொருள்களே வீட்டுக்குள் வருகின்றன. இலங்கையில் 2017 செப்டெம்பரில் உயர் அடர்த்திப் பொலித்தீன் பைகளும் உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களும், 2021 மார்ச் இறுதியில் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத, உணவும் மருந்தும் அல்லாத பொருள்களின் சிறு பொதிகளும் தடைசெய்யப்பட்டன. பல படலங்களை ஒன்றாக ஒட்டி ஆக்கிய அத்தகைய பொதியைக் கிழித்துத் திறந்த கணமே அதன் பயன் முடிந்துவிடுகிறது. பிளாஸ்ரிக் போத்தலைப் பாதியாக வெட்டிப் பூச்செடி வைப்பது கண்ணுக்கு இனிதே. ஆயினும் ஒரு வீட்டுக்குப் பத்துச் சாடிகளுக்கு மேல் வேண்டியதில்லை, போத்தல்களோ வாரந்தோறும் வந்து சேர்கின்றன.

கரையோரத் தோட்டங்களில் ஆடுமாடு புகாதபடி பழைய நைலோன் வலையை வேலியாகக் கட்டும் நல்ல வழக்கத்திலும் இதே இடர் மறைந்திருக்கிறது. சில ஆண்டு வெயிலில் நைலோன் இழை வலுவிழந்து நொறுங்கி, துண்டுதுண்டாக மண்ணில் உதிர்கிறது; உதிர்ந்தது ஓலையைப் போல உக்குவதில்லை. ஆகவே அவ்வலையை நொறுங்குவதற்கு முன்பே கழற்றி எடுப்பது, ஓலை வேலி அடைத்த முன்னோர்க்குத் தேவைப்படாத ஒரு புதிய வேலையாகும். கழற்றியபின் அதனை எங்கே சேர்ப்பது என்பதற்கு, ஊமலுக்கும் பழங்கடகத்துக்கும் இருந்தது போன்ற ஒரு விடை இன்றைய வீட்டுமுறையில் இன்னும் உருவாகவில்லை.